ஊரெல்லாம் நோய், வீட்டுக்குள் ஸ்தோத்திரமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் நீங்கள் யார், இதையெல்லாம் ஏன் எழுதுகிறீர்கள்?

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் வீடு. பிறந்ததிலிருந்து லுத்தரன் சபை. கல்யாணம் ஆகிப் போன வீடு புதுச்சேரி அரியாங்குப்பத்தில், கத்தோலிக்கக் குடும்பம், அதனால் ஜெபமாலையும் எனக்குப் பழக்கம், ஞானப்பாட்டும் பழக்கம். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் என் அப்பா இறந்துபோனார். அதே வாரம் எனக்கும் பாசிட்டிவ். அதற்கு அப்புறம் எங்கள் பெண்கள் ஜெபக்குழுவில், சொந்தக்காரர் வீடுகளில், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்று பலர் என்னிடம் கேட்டவை இவை. இப்போதும் மழைக்காலம் வந்து டெங்கு, ஃபுளூ என்று தெருவுக்கு நாலு வீட்டில் காய்ச்சல் படுத்தால் அதே கேள்விகள் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. நான் வேதம் படித்துப் பட்டம் வாங்கினவள் இல்லை, சபையில் உட்கார்ந்து கேட்டவள்தான்.

கொள்ளைநோய் கடவுள் கொடுக்கும் தண்டனைதானே?

இல்லை என்றுதான் சொல்வேன், இதை யோசித்துத்தான் சொல்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாம் நாள் ஒரு சொந்தக்காரர் போன் பண்ணி, "ஏதாவது பொருத்தனை பாக்கி இருக்காம்மா, யோசிச்சுப் பாரு" என்றார். கடவுளுக்கு நேர்ந்துகொண்டு செய்யாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று அக்கறையில்தான் கேட்டார். ஆனால் அந்த ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை, அப்பா வாழ்க்கையில் எந்தப் பாவம், என் வாழ்க்கையில் எந்தப் பாவம் என்று தோண்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் யோவான் 9-ம் அதிகாரத்தை எடுத்தேன். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. லூக்கா 13-ல் இன்னொரு இடம்: சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். உடனே நீங்கள் மனந்திரும்புங்கள் என்றும் சொல்கிறார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதை நிற்கிற நம்மைப் பார்த்துச் சொல்கிறார், இடிபாட்டுக்குள் கிடப்பவனைப் பார்த்து இல்லை. நமக்குச் சொன்னதைப் படுக்கையில் கிடப்பவர் தலையில் வைக்காதீர்கள், தயவுசெய்து.

நம் ஊருக்கு இது புதுக் கேள்வியும் இல்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினத்தில் கடல் உள்ளே வந்தபோதும் இதைத்தான் கேட்டார்கள். 2011-ல் தானே புயல் வந்தபோதும் கேட்டார்கள்.

நாங்கள் தினமும் சங்கீதம் 91 வாசித்தோம். அப்படியும் வந்துவிட்டதே, ஏன்?

எங்கள் வீட்டிலும் வாசித்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு ஆரம்பித்த நாளிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்போம். "இருளில் நடமாடும் கொள்ளைநோய்க்கும்" என்ற வரி வரும்போது அப்பா கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவார். வாட்சப்பில் அந்த வசனத்தைப் படமாகப் போட்டு இதை வாசலில் ஒட்டினால் நோய் உள்ளே வராது என்று அனுப்பினார்கள், ஒட்டினவர்களை எனக்குத் தெரியும்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. இதே 91-ம் சங்கீதத்தை வேதத்தில் வேறு யார் எடுத்துச் சொல்கிறார் என்று பாருங்கள். பிசாசு. இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகைமேல் நிறுத்தி, கீழே குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்று இந்தச் சங்கீதத்தைத்தான் காட்டுகிறான். இயேசு குதிக்கவில்லை. கர்த்தரைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்று பதில் சொன்னார். அப்படியென்றால் அந்தச் சங்கீதம் பொய்யா? இல்லவே இல்லை. பயத்தில் இருக்கிறவன் சாய்ந்துகொள்வதற்குக் கொடுத்த வார்த்தை அது. அதைத் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு மாஸ்க் இல்லாமல் கல்யாண மண்டபத்துக்குள் போவது, உப்பரிகையிலிருந்து குதிப்பதுதான்.

பவுல் எத்தனையோ பேரைக் குணமாக்கினவர். அவரே 2 தீமோத்தேயு 4:20-ல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். விளக்கம் இல்லை, காரணம் இல்லை. துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த வரி எனக்குப் பெரிய ஆறுதல்.

தடுப்பூசி போட்டுக்கொள்வது, மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவா?

இல்லை. எசேக்கியா ராஜா சாகும் நிலையில் கிடந்தபோது கர்த்தர் அவன் ஜெபத்தைக் கேட்டேன் என்றார், அதே அதிகாரத்தில் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் (2 இராஜாக்கள் 20). ஜெபமும் பற்றும் ஒன்றாகவே வருகின்றன. சுவிசேஷம் எழுதின லூக்காவே ஒரு வைத்தியர். ஊசி போட்டால் வெளிப்படுத்தின விசேஷத்தில் சொல்கிற 666 முத்திரை, அதாவது கடவுளுக்கு எதிரானவனின் அடையாளம், வந்துவிடும் என்று பரப்பினார்கள், அதை நம்பி ஊசி போடாமல் இருந்த வயதானவர்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதில் ஒரு துளி உண்மையும் கிடையாது. அடுத்த முறை வேறு ஒரு நோய்க்கு வேறு ஒரு ஊசி வரும்போதும் இதே கதை வரும், அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று வேதம் சொல்கிறது. அப்படியானால் நோய்க்கும், சாவுக்கும்கூட நன்றி சொல்ல வேண்டுமா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். எனக்கும் அதிகம் வலித்தது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

அப்பாவை அடக்கம் பண்ணி மூன்றாம் நாள் ஒரு சகோதரி போனில் ஜெபித்தார். "அப்பாவை எடுத்துக்கொண்டதற்காக ஸ்தோத்திரம்" என்றார். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. போனை வைத்துவிட்டேன். பிறகு அதற்காக ரொம்ப நாள் குற்ற உணர்ச்சி.

1 தெசலோனிக்கேயர் 5:18-ஐ மறுபடி வாசியுங்கள். எல்லாவற்றிலேயும் என்றுதான் இருக்கிறது. வெள்ளத்தில் நிற்கும்போதும் நன்றி சொல்ல ஏதோ ஒன்று இருக்கும், அதைத் தேடு என்பதும், வெள்ளத்துக்கே நன்றி சொல் என்பதும் வேறு வேறு. உடனே எபேசியர் 5:20-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள், அங்கே எல்லாவற்றிற்காகவும் என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை எழுதின அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது எப்பாப்பிரோதீத்து என்ற தன் உடன் ஊழியரைப் பற்றிச் சொல்கிறார். அந்த மனிதர் வியாதியாகி மரணத்துக்குப் பக்கத்தில் போய்த் திரும்பினார், தேவன் இரங்கினார், அவருக்கு மட்டும் இல்லை, "துக்கத்தின்மேல் துக்கம்" வராதபடி எனக்கும் இரங்கினார் என்கிறார். பார்த்தீர்களா, நண்பன் செத்திருந்தால் அது துக்கம்தான் என்று பவுல் ஒத்துக்கொள்கிறார், அதற்கும் ஸ்தோத்திரம் பண்ணியிருப்பேன் என்று எழுதவில்லை. செத்துப்போன நண்பன் லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுதார். எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார்.

ஆகவே நான் அப்பாவின் சாவுக்கு நன்றி சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. நோயோடு போராடின அந்தப் பதினோரு நாளில் எங்களிடம் வந்தவர்களுக்கு, வந்தவற்றுக்கு, ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

சரி, நன்றியே வராத மனதோடு எப்படி நன்றி சொல்வது?

எழுதிப் பாருங்கள். பொதுவாக "எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்" என்று சொன்னால் வாய்தான் அசையும், மனசு அசையாது. ஆள் பெயரோடு, பொருளோடு சொல்லிப் பார்த்தால் தெரியும்.

எங்கள் வீட்டில் பால் கணக்கு நோட்டு ஒன்று உண்டு, நாற்பது பக்க நோட்டு, மூலை எல்லாம் மடங்கி அட்டையில் எண்ணெய்க் கறை. முன்பக்கத்திலிருந்து தேதி, அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று பால்காரர் கணக்கு. நான் அறைக்குள் தனியாகக் கிடந்தபோது அம்மா கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அழுதது போதும், இன்னைக்கு யார் நமக்கு என்ன செஞ்சாங்க, அதை மட்டும் எழுதி வை" என்று அந்த நோட்டைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டார்கள். வேறு நோட்டு கைக்கு அகப்படவில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் எழுதியது இவ்வளவுதான்:

"எதிர் வீட்டு அக்கா – இடியாப்பம், தேங்காய்ப்பால். காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு, நான் ஜன்னலுக்கு வரும்வரை தெருவில் நின்றார்.
கபசுரக் குடிநீர் – முனிசிபாலிட்டி ஆள். கசப்பு தெரிந்தது. நாக்குக்கு ருசி திரும்புகிறது.
தம்பி – ஆக்சிஜன் அளவு 88 என்று சொல்லும்போது குரல் நடுங்காமல் சொன்னான்."

இதில் பக்தியாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் மூன்றாவதை எழுதி முடித்ததும் "ஆண்டவரே" என்று தானாக வந்தது. நான்கு நாளாக வராத வார்த்தை அது. கசப்பு தெரிந்ததற்கு நன்றி சொன்னேன் என்றால் பாருங்கள்.

சில நாள் ஒன்றுமே எழுதவில்லை. அப்பா போன நாளுக்கு வெறும் தேதி மட்டும் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு லுத்தரன் போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது, 1637-ல் ஊருக்குள் கொள்ளைநோய். அந்த ஒரு வருஷத்தில் அவர் 4,000-க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் பண்ணினார், அதில் அவர் மனைவியும் ஒருவர். அந்தக் கொடுமையான காலத்தை ஒட்டித்தான் அவர் எழுதின நன்றிப் பாட்டு ஒன்று இன்று உலகம் முழுக்க லுத்தரன் சபைகளில் பாடப்படுகிறது. ஆரம்பத்தில் அது பெரிய ஆராதனைக்கு எழுதினது இல்லை, வீட்டில் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளோடு சொல்வதற்கான சின்ன ஜெபம். இதை எங்கள் போதகர் ஒரு ஞாயிறு சொன்னபோது நான் அந்தச் சாப்பாட்டு மேசையைத்தான் நினைத்தேன், அதில் காலியாக இருந்த நாற்காலியை நினைத்தேன்.

ஜெபம் பண்ணவே முடியவில்லை. விசுவாசம் போய்விட்டதா?

போகவில்லை, களைத்திருக்கிறது. 88-ம் சங்கீதம் வாசியுங்கள், அது இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஆறுதல் வரிகூடக் கிடையாது, அதையும் சேர்த்துத்தான் பரிசுத்த வேதாகமம் என்கிறோம். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கே இயேசு யாருடைய விசுவாசத்தைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறது? "அவர்கள்" விசுவாசத்தை. சில வாரம் உங்களுக்காக மற்றவர்கள் கட்டிலைத் தூக்கட்டும், படுத்துக்கொள்ளுங்கள். எனக்காக அரியாங்குப்பத்தில் மாமியார் தினமும் ஜெபமாலை சொன்னார்கள். முள்ளோடையில் புதுச்சேரி எல்லையை அடைத்திருந்தபோது பதினைந்து கிலோமீட்டர்கூடத் தாண்டி வர முடியாத அந்த அம்மாவின் ஜெபத்தில்தான் நான் அந்த நாட்களில் பிழைத்தேன்.

கோயில் மூடியிருந்ததே, ஆராதனை இல்லாமல் விசுவாசம் எப்படி வளரும்?

2020-ல் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5. பிரதமர் ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கேற்றச் சொன்ன அதே நாள். காலையில் பிள்ளைகள் கொல்லைத் தென்னையிலிருந்து குருத்து வெட்டிச் சிலுவை செய்தார்கள், மொட்டைமாடியைச் சுற்றி ஓசன்னா பாடினோம், பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் நின்று கேட்டார்கள். ராத்திரி அதே மாடியில் எல்லா மதத்தவரும் விளக்கு வைத்தார்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குச் சில நாள் முன்னால், மார்ச் 27, மாமியார் டிவியில் பார்த்துவிட்டுப் போனில் அழுதார்கள். மழை பெய்கிற ராத்திரி, ரோமில் அவ்வளவு பெரிய சதுக்கத்தில் ஒரு ஆள் இல்லை, போப் பிரான்சிஸ் தனியாக நடந்துபோகிறார். புயலில் படகு தத்தளிக்க இயேசு தூங்கின பகுதியைத்தான் வாசித்தார்கள். அங்கே வைத்திருந்த சிலுவை, 1522-ல் ரோமில் கொள்ளைநோய் வந்தபோது தெருத்தெருவாகத் தூக்கிப்போனது.

ஈஸ்டர் ஏப்ரல் 12. எங்கள் சபை வாசலில் பூட்டு. அன்றைக்கு யோவான் 20-ஐ வாசித்தபோதுதான் கவனித்தேன், உயிர்த்தெழுந்த நாளிலும் சீஷர்கள் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் அந்தப் பூட்டின வீட்டுக்குள்தான் வந்து "உங்களுக்குச் சமாதானம்" என்கிறார். எத்தனை ஈஸ்டருக்கு அந்தப் பகுதியைக் கேட்டிருப்பேன்!

ஆனால் ஒன்று, வீட்டு ஆராதனை போதும், இனிமேல் சபை எதற்கு என்று சிலர் பழகிவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. புதுச்சேரியில் 2020 ஜூன் 8-ல் கோயில்களைத் திறந்துவிட்டார்கள், தமிழ்நாட்டில் எங்களுக்கு செப்டம்பர் 1 வரை ஆனது. அடுத்த வருஷம் இரண்டாம் அலையில் மறுபடி மூடி, அதன் பிறகு கொஞ்ச காலம் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மூடல் என்று இருந்தது, எங்களுக்கோ அந்த ஞாயிறுதானே! திரும்பவும் திருவிருந்துக்கு முழங்காலில் நின்ற அன்று பக்கத்தில் நின்ற பாட்டியின் வளையல் சத்தம் கேட்டு அழுதேன். தனியாக இருந்து அதை அனுபவிக்க முடியாது.

நோயாளியிடம் போய் உதவுவதா, ஒதுங்கி இருப்பதா? எது கிறிஸ்தவம்?

1527-ல், எங்கள் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் இருந்த ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தது. ஊரைவிட்டு ஓடலாமா என்று இன்னொரு ஊர்ப் போதகர்கள் கேட்டதற்கு அவர் நீளமாகப் பதில் எழுதினார். மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, நீ தேவைப்படாத இடத்துக்குப் போய் நோயை வாங்கிப் பரப்பாதே, ஆனால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நீ தேவை என்றால் தயங்காமல் போ, இதுதான் சாரம். அவரும் ஊரைவிட்டுப் போகவில்லை, தன் வீட்டிலேயே நோயாளிகளை வைத்துப் பார்த்தார். ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது, இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து நம் மாவட்டத்துக் கூலியாட்கள் லாரிகளில் ஊர் திரும்பியபோது கடலூரில் தொற்று சில நாளிலேயே நூற்றுக்கணக்கில் ஏறியது, நினைவிருக்கும். அவர்களைக் கிராமங்களில் குற்றவாளிகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மூட்டை தூக்கிப் பிழைக்கப் போனவர்கள் அவர்கள். நானும் பயந்தேன், எங்கள் தெருவில் ஒரு வீட்டைத் தகரம் வைத்து அடைத்தபோது அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தேன். அடுத்த வருஷம் எதிர் வீட்டு அக்கா என் ஜன்னலுக்கு எதிரே நின்றபோது அந்தத் தகரம்தான் ஞாபகம் வந்தது.

உதவினவர்கள் வேறு மதத்தவர்கள். அதற்கு நம் ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்வது?

லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் "தூரத்திலே நின்று" கூப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் நாமும் அப்படித்தானே நின்றோம். பத்துப் பேரும் சுகமானார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவன், அவன் சமாரியன், வேற்றாள். நன்றி என்றால் என்ன என்று அந்த வேற்றாளை வைத்துத்தான் ஆண்டவர் நமக்குக் காட்டினார்.

என் அப்பாவைக் குழியில் இறக்கியது நாலு முஸ்லிம் பையன்கள். கத்திரி வெயில், உடம்பு முழுக்க அந்தப் பிளாஸ்டிக் உடை, கையுறைக்குள்ளிருந்து வியர்வை சொட்டுகிறது. நான் அறைக்குள் இருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி போனைப் பிடித்திருந்தான், போதகர் தள்ளி நின்று ஜெபித்தார். கயிற்றை விட்டு இறக்கி முடித்ததும் அதில் ஒரு பையன் போனைப் பார்த்து, "அம்மா, அவசரம் இல்லை, நீங்க உங்க ஜெபத்தைச் சொல்லுங்க, நாங்க நிக்கிறோம்" என்றான். நின்றார்கள், நாலு பேரும், நான் பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடிக்கும்வரை. அடுத்த குழிக்கு வேறு ஒரு வண்டி காத்திருந்தது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் சென்னையில் தொற்றில் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்து, கூட வேலை பார்த்த மருத்துவரே ராத்திரியில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். அது நடந்த அதே தமிழ்நாட்டில் அந்த நாலு பையன்களும் இருந்தார்கள். ஆண்டவர் யார் கையால் அனுப்புவார் என்று நான் சொல்லிக் கொடுக்க முடியுமா?

எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்துக்கொண்டோம். சபையில் சாட்சி சொல்லலாமா?

சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். "உபவாசம் இருந்தோம், அதனால் ஆண்டவர் காப்பாற்றினார்" என்று ஒருவர் மைக்கில் சொன்னபோது என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள். நாங்களும் உபவாசம் இருந்தோம். "அதனால்" என்ற ஒரு வார்த்தையை எடுத்துவிடுங்கள். "காப்பாற்றினார், ஏன் என்று தெரியாது, நன்றி" என்று சொல்லுங்கள், அம்மாவும் உங்களோடு சேர்ந்து ஆமென் சொல்வார்கள்.

அடக்கத்துக்குப் போக முடியவில்லை, முகம் பார்க்கவில்லை. அந்த பாரம் எப்படித் தீரும்?

முழுதாகத் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், அன்று செய்ய முடியாததை எல்லாம் செய்தோம். கல்லறைத் தோட்டத்தில் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுத்திரி வைத்து, அப்பாவுக்குப் பிடித்த பாட்டுகளைப் பாடி, போதகரை வரவழைத்து அடக்க ஆராதனையின் ஜெபங்களை மறுபடி சொல்லச் சொன்னோம். நான் மூன்று பிடி மண் போட்டேன். ஆறு மாதம் தாமதம்தான். உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

பொய் சொல்லாதீர்கள். "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லி நாங்கள் பட்டது போதும். தாத்தா இறந்துவிட்டார், இயேசுவிடம் இருக்கிறார், நமக்கு அழுகையாக வருகிறது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நோட்டில் எழுதினவர்களிடம் நேரில் போய் நன்றி சொன்னீர்களா?

அந்தச் சமாரியன் *திரும்பி வந்தான்* என்று வாசித்துவிட்டு நாம் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று தோன்றியதால் போனேன், ஆனால் உடனே இல்லை, இரண்டு வருஷம் பிடித்தது. எதிர் வீட்டு அக்காவுக்கு கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன், இடியாப்பத்துக்கா புடவை என்று கோபித்துக்கொண்டார். அந்த நாலு பையன்களில் இருவரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது, ரம்ஜானுக்கு முன்னால் பேரீச்சம்பழம் கொண்டுபோனேன்.

ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன்தான் ரொம்பத் தேட வைத்தார். அப்பாவுக்குப் படுக்கை கிடைக்காமல் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நாலு மணிநேரம் வண்டியிலேயே காத்திருந்தபோது, அவருடைய டூட்டி முடிந்தும் போகாமல், தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்து, அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தவர். நெய்வேலிப் பக்கம் மாறிப் போயிருந்தார். நம்பர் கிடைத்து, எல்லாம் விவரமாகச் சொல்லி, நன்றி அண்ணா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தப்பா எடுத்துக்காதம்மா, எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மாசம் எத்தனை பேர்…" என்றார். பரவாயில்லை அண்ணா, எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன். போனை வைக்கப் போகும்போது, நீங்க ஜெபம் பண்றவங்கதானே, என் பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ, அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கேட்டார். பெயர் கேட்டு வாங்கி, நோட்டில் எழுதிக்கொண்டேன்.